குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுத்தால் குடியை நிறுத்திவிடுவாரா?

நிறுத்தமாட்டார், உயிருக்கே ஆபத்தும் நேரலாம். மருந்துக் கடையில் நீண்டகாலம் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றிருந்து, மருத்துவர் சீட்டு ஏதுமின்றி, “சோத்துல கலந்து குடுக்குற மாத்திரை இருக்குதாமே” என்று தணிந்த குரலில் கேட்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது என்னவென்று உறையில் எழுதாமல் விற்கப்படும் பொடிகளை அறவே தவிர்த்துவிடுங்கள்.

அவர்கள் கேள்விப்பட்டு வரும் மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிரம். 1940களில் டென்மார்க்கில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்சன் என்ற இருவர், குடற்புழுவுக்கு ஆகுமா என்று ஆராய்ந்த இந்த மருந்தைத் தாங்களே விழுங்கியிருந்த வேளையில் மது அருந்தப்போய், உடல் படுத்திய பாட்டிலிருந்து இதன் குணத்தைக் கண்டுகொண்டனர். நம் கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக்கி, அடுத்த படியில் அதைத் தீங்கற்றதாக மாற்றிவிடும். அந்த இரண்டாம் படியை டைசல்ஃபிரம் அடைத்துவிடுவதால் நச்சு உடம்பிலேயே தேங்கி, முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் சரிகிறது. இதயம் பழுதானவருக்கு மரணமும் நேரலாம். மாத்திரையை நிறுத்திய பின்னும் இந்த விளைவு இரண்டு வாரம்வரை நீடிக்கக்கூடும்.

குடித்தால் இப்படியாகும் என்று தெரிந்து, ஒப்புக்கொண்டு விழுங்குபவரை அந்த அச்சமே கடைப்பக்கம் போகவிடாமல் தடுக்கிறது. விஷயமே தெரியாதவருக்கு எதற்கு அச்சம் வரப்போகிறது? வழக்கம்போல் ஒரு குவார்ட்டரை வாங்கிக் குடிப்பார், நெஞ்சு அடைக்கும், சரக்கு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றாலும், காரணத்தைச் சொல்லத் தெரிந்தவர் வீட்டில் மருந்து கலந்தவர் மட்டுமே.

பல ஆண்டுகளாக நாள்தோறும் நிறையக் குடித்தவரை, மாலை போட்டோ, கயிறு கட்டியோ, அறையில் பூட்டிவைத்தோ ஒரே நாளில் நிறுத்தச் செய்வதும் ஆபத்துதான். சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும்; முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; அதன்பின் ஓரிரு நாட்களில், இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்ணுக்குத் தெரிய, ஆள் பிதற்றத் தொடங்கலாம். சாமி குற்றம் என்று இதைக் கோடங்கியிடம் கொண்டுபோய்க் காலத்தைக் கடத்துகிறார்கள். உரிய மாத்திரைகளையும் தயமின் என்ற பி1 வைட்டமினையும் கொடுத்து மருத்துவர்கள் இந்தக் கட்டத்தைப் பாதுகாப்பாகத் தாண்ட வைக்கிறார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குக் கட்டணமில்லாத சிகிச்சை உண்டு. 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தானே நடத்திவரும் அரசு இதையாவது செய்யத்தான் வேண்டும். கணவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம், அல்லது 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம். அவர் எவ்வளவு காலமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். ஏற்கெனவே ஏதாவது கலந்து கொடுத்திருந்தால், அதன் அட்டையையோ பொட்டலத்தையோ கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.