4 ஓட்டங்களால் வென்ற போட்டிக்குப் பிறகு ஒரு பந்துவீச்சாளர் தன் பந்துவீச்சை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: கொழும்பில் கம்பனி அணிகளுக்கிடையே நடக்கும் 20 ஓவர் போட்டி. கடைசி ஓவரில் எதிரணிக்கு 12 ஓட்டங்கள் தேவைப்பட்டன. நான் 7 கொடுத்தேன், 4 ஓட்டங்களால் வென்றோம். என் கணக்கு 4 ஓவர், 31 ஓட்டம், 1 விக்கெட். 2 வைட், 1 நோபோல், அதற்கான ஃப்ரீ ஹிட்டில் ஒரு நான்கு. ஃபைன் லெக் பக்கம் இரண்டு நான்கு, தரையில் படாமல் போன ஃபுல் டொஸ் ஒன்றுக்கு இன்னொரு நான்கு. எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் நன்றாக வீசினேனா என்று தெரியவில்லை. இதை எப்படி எடைபோடுவது? அடுத்த முறை கடைசி ஓவர் வேண்டாம் என்று அணித்தலைவரிடம் சொல்லலாமா?

பதில்:

முதலில் முடிவை ஒரு பக்கம் எடுத்து வையுங்கள். 2007 உலகக் கிண்ணத்தில் மார்ச் 28ஆம் திகதி தென்னாபிரிக்காவுக்கு எதிராக லசித் மாலிங்க நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்தார். இலங்கை ஒரு விக்கெட்டால் தோற்றது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 4ஆம் திகதி, இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 3 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது டில்ஹார பெர்னாண்டோ ஒருமுறை ஓடி வந்து பந்தை விடாமல் நின்று, மறுபடி வந்து ரவி போபாராவை போல்ட் செய்தார். இலங்கை 2 ஓட்டங்களால் வென்றது. வெற்றி தோல்வியை மட்டும் வைத்துப் பார்த்தால் முதலாவது மோசமான நாள், இரண்டாவது நல்ல நாள். பந்துவீச்சைப் பார்க்கத் தெரிந்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

உங்கள் 31 ஓட்டங்களை இரண்டாகப் பிரியுங்கள்: துடுப்பாட்டக்காரர் எடுத்த ஓட்டம், நீங்கள் கொடுத்த ஓட்டம். 24 சரியான பந்துகள், மூன்று உதிரிப் பந்துகள், ஆக 27 தடவை ஓடி வந்திருக்கிறீர்கள். நோபோலுக்கு 1, ஃப்ரீ ஹிட்டுக்கு 4. வைட்டுகளுக்கு 2, அவற்றுக்குப் பதிலாக வீசிய இரண்டு பந்துகளிலும் ஒவ்வோர் ஓட்டம் போனதாக வைத்தால் இன்னும் 2. லெக் பக்கம் 8, ஃபுல் டொஸ்ஸுக்கு 4. இந்த 9 பந்துகளில் மட்டும் 21 ஓட்டம். மீதி 18 பந்துகளுக்கு வெறும் 10 ஓட்டம், அதில் ஒரு விக்கெட்டும் உண்டு. அந்த 18 பந்துகளை வீசியவர் நல்ல பந்துவீச்சாளர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை முழுவதும் அந்த 9 பந்துகளில் இருக்கிறது.

இந்தக் கணக்கை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதவேண்டும். ஸ்கோர் புத்தகத்தில் புள்ளி, வட்டம், கூட்டல் குறி மட்டும்தான் இருக்கும். எந்த ஓவரில், எத்தனையாவது பந்தில் என்பது அதிலிருந்து தெரியும், அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றது உங்கள் நினைவில் மட்டுமே உள்ளது: எந்தப் பந்தை வீச நினைத்தேன், எங்கே விழுந்தது, அப்போது களத்தடுப்பு எப்படி நின்றது. இரண்டு நாள் கழித்து நினைத்துப் பார்த்தால், விக்கெட் விழுந்த பந்து நல்ல பந்தாகவும் நான்கு போன பந்து கெட்ட பந்தாகவும் மனம் மாற்றி வைத்திருக்கும். யோர்க்கர், அதாவது துடுப்பாட்டக்காரரின் காலடியில் விழும் பந்து, போட நினைத்து அது அரைக்குழியாக, மிகக் குட்டையாக, விழுந்து, துடுப்பாட்டக்காரர் தவறாக அடித்துப் பிடி கொடுத்திருந்தால் அது தவறிய பந்துதான். ஒஃப் ஸ்டம்ப் அடியில் விழுந்த யோர்க்கர் மட்டையின் உள்விளிம்பில் பட்டு எல்லைக்கோட்டுக்குப் போயிருந்தால் அது நல்ல பந்து. யாராவது நண்பர் சைட் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியை நிறுத்திப் படம் எடுத்தால் இன்னும் நல்லது. பந்துவீச்சாளரின் முதுகுப் பக்கமிருந்து எடுக்கவேண்டும். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் பந்து போன திசை தெரியாது.

இனி ஒவ்வொன்றாக.

நோபோல். இதற்குக் காரணம் பெரும்பாலும் பயிற்சி வலையில்தான் இருக்கிறது. வலையில் யாரும் நோபோல் சொல்வதில்லை, கால் மெல்ல மெல்ல முன்னேறிவிடுகிறது. கிரீஸ் என்பது வெள்ளைக் கோட்டின் பின் விளிம்பு. முன் காலின் ஏதாவது ஒரு பகுதி அந்தப் பின் விளிம்புக்குப் பின்னால் இருக்கவேண்டும். கோட்டின் மேல் குதி இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. குதி கோட்டுக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றர் பின்னால் விழும்படி ஓட்டத் தொடக்கத்தை வைத்துக்கொண்டால் தவறு நடக்கவும் இடம் இருக்கும்.

கொழும்பில் இன்னொரு காரணமும் சேரும்: காற்று. பிற்பகலில் கடற்பக்கமிருந்து மேற்குக் காற்று எழும். அது முதுகில் படும் முனையிலிருந்து ஓடி வந்தால் ஒவ்வோர் எட்டும் நீளும். 20 எட்டு ஓட்டத்தில் ஓர் எட்டுக்கு 2 சென்ரிமீற்றர் கூடினாலே முடிவில் 40 சென்ரிமீற்றர். ஆகவே அடையாளம் ஒன்று போதாது. காற்றுக்கு எதிராக ஒன்று, காற்றோடு ஒன்று என்று இரண்டு அளவு தெரிந்திருக்கவேண்டும். இரண்டையும் அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள். கால் எட்டு வைத்து அளந்தால் களைத்த நாளில் அதுவும் மாறும்.

நோபோலின் உண்மையான விலை அந்த 1 ஓட்டம் அல்ல. ஃப்ரீ ஹிட்டில் துடுப்பாட்டக்காரர் போல்ட், பிடி, எல்பிடபிள்யூ எதற்கும் பயப்படத் தேவையில்லை. அவர் முழு வீச்சாக அடிப்பார் என்பது நிச்சயம். அந்தப் பந்தை வேகமாக, நேராக வீசினால் அவருக்குத் தேவையானது கிடைத்துவிடும். ஆடுகளம் மெதுவாக இருந்தால் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் குட்டையாக, ஒஃப் பக்கம் விலக்கிப் போடுங்கள். கட்டருக்கு, அதாவது விரல்களைப் பந்தின்மேல் இழுத்து விடும் மெதுவான பந்துக்கு, பந்து நின்று வரும் களங்களில் அதுதான் பாதுகாப்பு.

ஃபுல் டொஸ். யோர்க்கர் தவறினால் அது இரண்டு விதமாகத் தவறும், இரண்டுக்கும் காரணம் வேறு. பந்தைக் கை சீக்கிரம் விட்டால் ஃபுல் டொஸ், தாமதமாக விட்டால் அரைக்குழி. கொழும்பின் ஈரப்பதத்தில் விரல்கள் வியர்த்துப் பந்து வழுக்கினால் அது சீக்கிரமே கையைவிட்டுப் போகும். களைப்பு வேறு விதமாக வேலை செய்யும்: முன் முழங்கால் மடங்கும், தோள் இறங்கும், கை பக்கவாட்டாகச் சுற்றும், பந்து குட்டையாகி லெக் பக்கம் இழுக்கும். உங்களுடையது ஃபுல் டொஸ் என்பதால் முதலில் பந்தைப் பிடித்திருக்கும் விதத்தைச் சந்தேகியுங்கள். கையும் முன்னங்கையும் துடைக்கச் சிறு துவாய் ஒன்றைக் களிசானின் பின்பக்கம் செருகி வைத்து, ஒவ்வொரு பந்துக்கும் முன் துடைக்கவேண்டும். ஓவருக்கு ஒருமுறை துடைத்தால் போதாது. பந்து நனைந்துவிட்டால் துணியால் துடைக்கலாம், நடுவர் பார்க்கத் துடையுங்கள். எச்சில் பூசுவது 2022 முதல் சர்வதேச விதிகளில் நிரந்தரமாகத் தடை. வியர்வை பூசலாம். ஆனால் இரவு நேரத்தில் ஏற்கெனவே ஈரமான பந்தில் அதைப் பூசி என்ன பயன்?

இடுப்புக்கு மேலே வரும் ஃபுல் டொஸ் நோபோல் என்பதையும் மறக்கவேண்டாம். வழுக்கும் பந்தோடு யோர்க்கர் தேடும்போது பெரிய ஆபத்து இதுதான். கை முழுக்க நனைந்திருக்கும் நாளில் யோர்க்கரைக் கைவிட்டு, நல்ல நீளத்துக்குச் சற்றுக் குட்டையாகக் கட்டர் போடுவது கோழைத்தனம் அல்ல. பழைய பந்து மேற்பரப்பைப் பிடித்து மெதுவாக வரும் ஆடுகளத்தில், கொழும்பு பிரேமதாச மைதானத்தில் பல இரவுகளில் பார்த்திருப்பீர்கள், அதை எல்லைக்கு வெளியே அனுப்புவது கடினம். மெதுவான பந்துக்கு ஒரே ஒரு நிபந்தனை: கை சுற்றும் வேகம் குறையக் கூடாது. பந்து மட்டும் மணிக்கு 15 முதல் 20 கிலோமீற்றர் மெதுவாகப் போகவேண்டும். கை மெதுவானால் துடுப்பாட்டக்காரர் அதைப் படித்துவிட்டுக் காத்திருப்பார்.

லெக் பக்கம் போன இரண்டு நான்குகள். இங்கே பந்தை மட்டும் பார்க்காதீர்கள், ஃபைன் லெக் எங்கே நின்றார் என்று பாருங்கள். அவர் களத்தின் உள்வட்டத்துக்குள் இருந்து நீங்கள் கால்களைக் குறிவைத்திருந்தால், சரியான யோர்க்கர்கூட நான்காகும். களத்தடுப்புத்தான் நீங்கள் வீச வேண்டிய திசையைத் தீர்மானிக்கிறது. நேர் யோர்க்கர் என்றால் எல்லையில் ஃபைன் லெக், டீப் மிட்விக்கெட், லோங் ஒன், லோங் ஒஃப், டீப் போயிண்ட். ஒஃப் பக்கம் விலக்கும் யோர்க்கர் என்றால் தேர்ட் மேன், டீப் போயிண்ட், ஸ்வீப்பர் கவர், லோங் ஒஃப், லோங் ஒன். அப்போது லெக் பக்கம் போகும் ஒவ்வொரு பந்தும் உங்கள் தவறு. இரண்டையும் ஒரே களத்தடுப்புக்கு வீச முயல்வதுதான் கழக மட்டத்தில் நான்குகள் போகும் முதல் வழி. வட்டத்துக்கு வெளியே ஐந்து பேருக்கு மேல் நின்றால் நோபோல், அதற்கு ஃப்ரீ ஹிட். ஓடத் தொடங்குமுன் நீங்களே ஒருமுறை எண்ணுங்கள். ஆட்களை அங்குமிங்கும் நகர்த்தும் பரபரப்பில் அணித்தலைவர் எண்ண மறப்பது சாதாரணமாக நடக்கும்.

கடைசி ஓவருக்கு வருவோம். பிரேமதாசவில் 2022 ஜூன் 21ஆம் திகதி நடந்த அவுஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை 258. கடைசி ஓவரில் அவுஸ்திரேலியாவுக்கு 19 தேவை, தசுன் ஷானக வீசினார். எதிரே பதினோராம் நிலை வரை இறங்கிவிட்ட வரிசை. மத்தியூ குனமன் மூன்று நான்குகள் அடித்துக் கடைசிப் பந்தில் 5 என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். கடைசிப் பந்து கவர் பக்கம் பிடியாக, 4 ஓட்டங்களால் வெற்றி. அந்த ஓவரில் 14 ஓட்டங்கள் போயின. வெற்றி அந்த ஓவரில் பிறக்கவில்லை. அந்த ஓவருக்கு 19 என்ற இடைவெளியை வைத்துக்கொடுத்தவர்கள் முந்தைய 49 ஓவர்களை வீசியவர்கள், அந்த 258ஐச் சேர்த்தவர்கள். உங்களுடைய 7 ஓட்டங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். 12 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். முதல் மூன்று ஓவரில் நீங்கள் 24 கொடுத்திருக்கிறீர்கள். அதில் பாதியாவது மேலே சொன்ன 9 பந்துகளைச் சேர்ந்ததாக இருந்தால், கடைசி ஓவரில் நீங்கள் காப்பாற்றியது நீங்களே முன்னர் கொடுத்த ஓட்டங்களை.

மறுபக்கமும் உண்டு. 2018 மார்ச் 18ஆம் திகதி அதே மைதானத்தில் சுதந்திரக் கிண்ண இறுதிப் போட்டி. பங்களாதேஷின் ருபெல் ஹுசைன் முதல் மூன்று ஓவர்களில் 13 ஓட்டங்களே கொடுத்திருந்தார். 19ஆவது ஓவரில் இந்தியாவின் தினேஷ் கார்த்திக் அவரிடம் 22 எடுத்தார். சௌம்ய சர்க்கார் வீசிய கடைசிப் பந்தில் 5 தேவை, கார்த்திக் ஆறு அடித்தார். எல்லோருக்கும் சௌம்ய சர்க்காரின் அந்தப் பந்துதான் நினைவிருக்கிறது. போட்டி கைமாறியது அதற்கு முந்தைய ஓவரில். நல்ல மூன்று ஓவர் நான்காவதற்கு உத்தரவாதம் தருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

கடைசிப் பந்துக்கு எத்தனை தேவை என்பதைப் பொறுத்து வேலை மாறும். 6 தேவை என்றால் நீங்கள் தோற்க ஒரே நேர்வழி ஆறுதான், இன்னொரு குறுக்குவழி வைட்டும் நோபோலும். அப்போது உயரமான பந்தும் அடிக்குள் விழும் பந்தும் கூடாது. நான்கு போனாலும் பரவாயில்லை. 5 என்றால் நான்கில் சமநிலை, எல்லையில் இடைவெளி முக்கியமாகிறது. 2 என்றால் எல்லாரையும் வெளியே அனுப்புவது மடமை. ஓட்டம் எடுக்கும் இடங்களை அடைத்து, ஸ்டம்பைக் குறிவைத்து வீசவேண்டும். இதை அணித்தலைவரோடும் விக்கெட் காப்பாளரோடும் ஓவர் தொடங்குமுன்பே பேசி முடித்துவிடுங்கள். பந்துக்குப் பந்து கூடிப் பேசினால் நேரம் போகும், உங்கள் மனமும் கலையும். பெர்னாண்டோ செய்ததுபோல் ஓடி வந்து தெளிவில்லை என்று தோன்றினால் நிறுத்தித் திரும்பிப் போகலாம், அதற்குத் தடையில்லை.

அடுத்த பயிற்சிக்கு உங்களுக்கான அளவு இது. மொத்தம் 36 பந்துகள் போதும். முதல் 12 பந்துகள் ஓட்டத் தொடக்கம் மட்டும்: ஒருவர் கிரீஸ் பக்கம் நின்று கால் விழுந்த இடத்தைச் சொல்லட்டும். அடுத்த 12 நனைந்த பந்தால் யோர்க்கர்: ஒரு வாளித் தண்ணீரில் பந்தைத் தோய்த்துத் துடைத்து வீசுங்கள், துடுப்பாட்டக்காரர் நிற்கும் கிரீஸில் ஒரு பழைய சப்பாத்தை வைத்து அதைக் குறிபாருங்கள். 12இல் 6 அதன்மேல் அல்லது ஓர் அடி சுற்றில் விழுந்தால் போட்டியில் நம்பலாம். 4க்குக் குறைந்தால் அந்த வாரம் யோர்க்கர் உங்கள் முதல் தெரிவாக இருக்கக் கூடாது. கடைசி 12 மெதுவான பந்து, முன்னர் சொல்லாமல் கலந்து வீசவேண்டும், எது மெதுவானது என்று காப்பாளர் கையைப் பார்த்தே சொல்லிவிட்டால் அது இன்னும் தயாராகவில்லை. நோபோல், ஃபுல் டொஸ், லெக் பக்கம் மூன்றையும் ஒரே வாரத்தில் வலையில் திருத்த முயலாதீர்கள். உங்கள் கணக்கில் அதிகம் தின்றது லெக் பக்கத்து 8 ஓட்டங்கள். அதற்குப் பயிற்சியே தேவையில்லை, அணித்தலைவரோடு பத்து நிமிடப் பேச்சுப் போதும். ஆகவே வலை நேரத்தில் பெரும்பகுதியை நோபோலுக்கும் பந்தைப் பிடிக்கும் விதத்துக்கும் கொடுங்கள்.

அணித்தலைவரிடம் கடைசி ஓவர் வேண்டாம் என்று சொல்லவேண்டாம். 18 பந்துக்கு 10 கொடுத்தவரை இழக்க எந்த அணிக்கும் மனம் வராது. அதற்குப் பதிலாக, தொடக்கத்தில் இரண்டு ஓவர், பிறகு 18ஆவது, 20ஆவது ஓவர் என்று கேளுங்கள். 18உம் 20உம் ஒரே முனையிலிருந்து வரும்: அதே காற்று, அதே ஓட்ட அடையாளம், அதே ஈரப் புல். மூன்று ஓவரை முன்பே முடித்துவிட்டு ஒரு மணித்தியாலம் எல்லையில் நின்று உடம்பு ஆறியபின் 20க்கு அழைக்கப்பட்டால், முதல் பந்துதான் உங்கள் சூடேற்றும் பந்தாகிவிடும். 16ஆவது ஓவரிலிருந்தே மிட் ஒஃப்புக்கு வந்து நில்லுங்கள், ஓவர் இடைவெளிகளில் தோளைச் சுழற்றுங்கள், காப்பாளரிடமிருந்து வரும் பந்தைக் கையில் வாங்கி அது எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே யோர்க்கரா கட்டரா என்று முடிவு செய்யுங்கள்.