குவேக் 2 ரீமாஸ்டர்: மகனோடு சேர்ந்து விளையாட வாங்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பள்ளிக்கூடக் காலத்தில் பம்பலப்பிட்டியில் ஒரு நெற் கஃபேயில் நண்பர்களோடு குவேக் 2 விளையாடியவன் நான். இப்போது ரீமாஸ்டர் இருக்கிறதாம். வீட்டில் ஒரே ஒரு கொம்பியூட்டர்தான். மகனுக்கு 13 வயது. இருவரும் சேர்ந்து விளையாட வாங்கலாமா? பழைய ருசி இருக்குமா?"

தாராளமாக வாங்கலாம். மகன் விஷயத்தில் மட்டும் கவனிக்க ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

1997 டிசம்பரில் இட் சொஃப்ட்வெயர் வெளியிட்ட இந்தத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை, நைட்டைவ் ஸ்டூடியோஸ் தன் கெக்ஸ் எஞ்சினுக்கு (விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி, மெருகேற்றிய ரீமாஸ்டராக 2023 ஓகஸ்டில் வெளியிட்டது. மூலக் கதை, 1998இல் வந்த இரண்டு கூடுதல் பாகங்கள், நின்டெண்டோ 64 என்ற பழைய விளையாட்டுக் கருவிக்கென்று தனியாகச் செய்த பதிப்பு, மெஷின்கேம்ஸ் புதிதாகச் செய்த 'கோல் ஒஃப் த மெஷின்' எல்லாம் ஒரே விலைக்குள் வருகின்றன. வெளியானபோது விலை 9.99 டொலர். ஸ்டீம் என்ற இணையக் கடையில் எப்போதாவது பழைய குவேக் 2 வாங்கியிருந்தீர்கள் என்றால் காசே வேண்டாம். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ரீமாஸ்டரை இலவசமாகவே கொடுத்தார்கள். முதலில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள்.

படங்களைப் பார்த்துவிட்டு "நிழலும் வெளிச்சமும் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதானே" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம். உண்மையான வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்திருக்கிறது. பழைய விளையாட்டு தன் கணக்குகளை நொடிக்கு 10 முறைதான் போட்டது. எதிரி எப்போது திரும்ப வேண்டும், உங்கள் துப்பாக்கி எப்போது வெடிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பத்துக்குள் அடக்கம். எவ்வளவு வேகமான கொம்பியூட்டரில் போட்டாலும் கையில் ஒரு இழுபறி இருந்ததற்கு அதுதான் காரணம். ரீமாஸ்டரில் அது நொடிக்கு 40. முதல் லெவலான அவுட்டர் பேஸில் ஒரு காவலனைச் சுட்டுப் பார்த்தாலே வித்தியாசம் விரலுக்குத் தெரிந்துவிடும்.

எதிரிகளும் சும்மா இல்லை. கையில் ஈட்டியோடு வரும் பெர்சர்க்கரை நினைவிருக்கிறதா? அன்று அவன் நடந்து வருவான், நாம் பின்னால் நகர்ந்துகொண்டே ஆறுதலாகச் சுட்டு முடிப்போம். இப்போது தூரத்திலிருந்தே எகிறிப் பாய்ந்து தரையைக் குத்துகிறான். பழைய பழக்கத்தில் பின்வாங்கினால் அடி நிச்சயம், பக்கவாட்டில் விலகுங்கள். இது 1997இல் யோசித்துக் கைவிட்ட அசைவு, அதைத் திரும்பக் கொண்டுவந்ததால் இந்த மாற்றம் அந்நியமாகத் தெரியவில்லை.

உங்கள் வீட்டுக்கு மிகப் பெரிய வசதி, திரையைப் பிரித்து ஒரே கொம்பியூட்டரில் இருவர் விளையாடலாம் என்பது. கதை முழுவதையும் கூட்டாக முடிக்கலாம். ஒருவர் எடுத்த பொருள் மற்றவருக்கும் தனியாகக் கிடைக்கும்படி செய்திருப்பதால் தோட்டாவுக்கு அப்பாவும் மகனும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. மகனுக்கு ஒரு கன்ட்ரோலர் வேண்டும். யூனிட்டி பிளாசாவில் வாங்கும்போது கொம்பியூட்டரில் செருகிக் காட்டச் சொல்லியே வாங்குங்கள்.

சரி, குறைகள். லெவல்களின் அமைப்பில் கை வைக்கவில்லை. அதே மண்ணிற இரும்புச் சுவர்கள், இங்கே ஒரு சுவிட்ச், மூன்று லெவல் தள்ளி அதன் கதவு, அப்புறம் வந்த வழியே திரும்பி நடை. இன்றைய பிள்ளைகள் சலிக்கும் இடம் இதுதான். அதற்காக ஒரு திசைகாட்டி சேர்த்திருக்கிறார்கள், அழுத்தினால் போக வேண்டிய வழியை அம்புக்குறிகள் காட்டும். நல்ல உதவிதான், ஆனால் எப்போதும் அழுத்திக்கொண்டிருந்தால் இரகசிய அறைகளைத் தேடும் இன்பம் போய்விடும். வழி தவறி நன்றாகச் சலித்த பிறகு மட்டும் அழுத்துங்கள். 'கோல் ஒஃப் த மெஷின்' அழகானது, ஆனால் எதிரிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அதில் தொடங்க வேண்டாம்.

ஒன்லைன் போட்டியை நம்பி வாங்காதீர்கள். கொழும்பிலிருந்து அமெரிக்காவில் ஒருவர் நடத்தும் ஆட்டத்தில் சேர்ந்தால் பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) 200 மில்லிசெக்கனைத் தாண்டிவிடும். ரெயில்கன் என்ற துப்பாக்கியைப் பிடித்துக் குறிபார்ப்பவருக்கு அது பெரும் தண்டனை. 2019இல் என்விடியா வெளியிட்ட 'குவேக் 2 ஆர்.டி.எக்ஸ்' வேறு. கதிர்த்தடமுறை ஒளி (ஒளிக்கதிர்கள் போகும் பாதையைக் கணக்கிட்டு வெளிச்சம் காட்டும் முறை) அதில்தான், ரீமாஸ்டரில் இல்லை. ஒன்றை நினைத்து மற்றதை இறக்கிவிடாதீர்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற சிறிய கைக்கருவியிலேயே ரீமாஸ்டர் ஓடுவதால் பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் ஸ்டீமில் வாங்கி, வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடிப் பார்த்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

இனி மகன். விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் அமெரிக்கத் தர வாரியம் இதற்குக் கொடுத்திருப்பது 17 வயதும் அதற்கு மேலும் என்ற முத்திரை. இரத்தம் மட்டும் காரணமில்லை. சிறைச்சாலைப் பகுதியில், டிடென்ஷன் சென்டர், டார்ச்சர் சேம்பர்ஸ் என்ற லெவல்களில், பிடிபட்ட மனித வீரர்கள் சித்தம் கலங்கிப் புலம்புவதைக் கேட்க வேண்டியிருக்கும். அன்று பத்துப் பேர் கத்திய அறையில் அது நம் காதில் விழவில்லை, வீட்டில் நன்றாகவே விழும். அந்த இடம் வரை நீங்கள் தனியாக ஒருமுறை விளையாடிப் பாருங்கள். பிள்ளைக்குப் பொருந்தாது என்று பட்டால் கதையை ஒத்திவைத்து, ஒரே திரையில் இருவரும் டெத்மட்ச் (ஒருவரை ஒருவர் சுடும் போட்டி) ஆடுங்கள். இரத்தம் அதிலும் உண்டு, அந்தப் புலம்பல் இல்லை.