ராமன் விளைவு என்றால் என்ன? இயற்பியலாளர் சி. வி. ராமன் அதை பெங்களூரில்தான் கண்டுபிடித்தாரா?

ஒரு நிற ஒளியை திரவத்துக்குள் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும். அதுதான் ராமன் விளைவு. ஒளித்துகள் மோதும்போது மூலக்கூறு அதிரத் தொடங்கும். அந்த அதிர்வுக்கான ஆற்றல் ஒளியின் கணக்கில் கழியும். ஒளியின் ஆற்றல் குறைந்தால் நிறமும் மாறும்.

சிட்டி மார்க்கெட்டுக்கு நூறு ரூபாயோடு போகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட எல்லாரும் அதே நூறோடு திரும்புவார்கள். ஒருவர் மட்டும் தொண்ணூறோடு வந்தால், குறைந்த பத்து ரூபாயை வைத்தே எந்தக் கடைக்குப் போனார் என்று சொல்லிவிடலாம், விலை பேரம் இல்லாத கடை என்றால்! மூலக்கூறுகளில் பேரமே கிடையாது, ஒவ்வொரு வகையும் தனக்கென உள்ள அளவைத்தான் எடுக்கும். அதனால்தான் இன்று மருந்திலும் ரத்தினக்கல்லிலும் கலப்படம் பிடிக்க இது உதவுகிறது.

ராமன் செய்த சோதனை எளிது. சூரிய ஒளிக்கு முன் நீல-ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி, கண்ணுக்கு முன் பச்சையை மட்டும் விடும் வடிகட்டி. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒளியே தெரியாது. ஆனால் திரவம் நடுவில், வடிகட்டிகள் அதன் இருபக்கம் என்றால், மங்கலாகப் பச்சை தெரிந்தது. திரவத்தில் அழுக்கு இருந்தாலும் இப்படி ஒளிரும். அதனால் திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்தார்கள். ராமனுடன் உழைத்தவர் கே. எஸ். கிருஷ்ணன்.

இது நடந்தது கொல்கத்தாவில், 1928 பிப்ரவரி 28. ராமன் பெங்களூர் வந்தது 1933-இல், நோபல் பெற்று மூன்று வருடம் கழித்து. பிப்ரவரி 28-தான் தேசிய அறிவியல் தினம், அது அவர் பிறந்தநாள் அல்ல. அவர் பிறந்தது நவம்பர் 7.