ஹெச்.பி. இருக்கு, காத்து பத்தலையே!

25 வருஷமா கம்ப்ரசர் கழட்டி மாட்டற ஆளுங்க நான். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.

கேள்வி (கார் பெயிண்டிங் பட்டறை): அண்ணா, 3 ஹெச்.பி. கம்ப்ரசர். பிளேட்ல 13 சி.எஃப்.எம்.னு (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்துங்கற கணக்கு) இருக்கு, ஸ்ப்ரே கன்னுக்கு 10 போதும். ஆனா ஒரு கதவு அடிச்சு முடிக்கறதுக்குள்ள பிரஷர் இறங்கிடுதே?

அந்த 13 பிஸ்டன் உள்ள இழுக்கற கணக்குங்க. வெளிய வர்றதுக்குப் பேரு எஃப்.ஏ.டி. பிஸ்டன் மெஷின்ல அது முக்காவாசி வந்தாலே நல்ல மெஷின். ரிங் தேஞ்சிருந்தா இன்னும் குறையும். கடைக்காரர் பேச்சை விடுங்க, நீங்களே அளந்து பாருங்க. டேங்கைக் காலி பண்ணி, அவுட்லெட் வால்வை மூடி, பிரஷர் 7 கிலோ ஏற எத்தனை நிமிஷம்னு பாருங்க. 220 லிட்டர் டேங்க்னா 7ஆல் பெருக்கி 1540 லிட்டர் காத்து. 6 நிமிஷம் ஆச்சுன்னா நிமிஷத்துக்கு 257 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர், அதால வகுத்தா 9 சி.எஃப்.எம். கன் 10 கேக்குது, மெஷின் 9 தருது. அப்புறம் எப்படிங்க தாங்கும்?

கேள்வி: அப்ப பெரிய டேங்க் மாட்டிட்டா?

தொட்டியைப் பெருசாக் கட்டினா கிணத்துல ஊத்து கூடுமா தம்பி? சாண்டர், கிரைண்டர்னு விடாம ஓடற வேலைக்கு டேங்க் உதவாது.

கேள்வி (டயர் கடை): ரெண்டு இம்பாக்ட் கன், டயர் சேஞ்சர், காத்தடிக்கிற ஹோஸ். எல்லாத்தையும் கூட்டினா 50க்கு மேல வருது. அவ்வளவு பெரிய மெஷின் வாங்கணுமா சார்?

வேண்டாங்க. கன் ஓடறப்போ 20 இழுக்கும், சரி. ஆனா ஒரு நட்டுக்கு அஞ்சு செகண்ட்தானே? ஒரு மணி நேரத்துல எது எத்தனை நிமிஷம் ஓடுதுன்னு ஒரு நாள் உக்காந்து குறிச்சுப் பாருங்க. அந்த சராசரியோட கால்வாசி சேர்த்துக்கிட்டா போதும். டேங்க் பெருசா இருக்கணும்னா உங்க கடைக்குத்தான்.

கேள்வி (மில் மெயின்டெனன்ஸ்): 60 சி.எஃப்.எம். ஸ்க்ரூ கம்ப்ரசர். ஷிப்ட் முடிஞ்சு எல்லா மெஷினும் நின்ன பிறகும் கம்ப்ரசர் லோடு எடுக்குது, அதாவது காத்தை அமுக்கிக்கிட்டே இருக்கு. பிரஷரும் பத்தலை, கட்-ஆஃபை (மெஷின் அமுக்கறதை நிறுத்தற பிரஷரை) ஏத்தவா?

ஏத்திடாதீங்க! ஒரு கிலோ ஏத்தினா கரண்ட் 6, 7 சதவீதம் கூடும், லீக்கும் கூடும். அந்த நேரத்துலயே கடிகாரத்தைப் பாருங்க. 1 நிமிஷம் லோடு, 3 நிமிஷம் அன்லோடுன்னா (காத்தை அமுக்காம சும்மா ஓடறது) கால்வாசி, அதாவது 15 சி.எஃப்.எம்., ஓட்டையில போகுது. 3 மி.மீ. ஓட்டை ஒண்ணே 7 கிலோவுல கிட்டத்தட்ட 20 குடிக்கும். ஒரு 5 ஹெச்.பி. மெஷினே அதுக்குன்னு ஓடற மாதிரி! சோப்புத் தண்ணியோட கிளம்புங்க. முதல்ல பாக்க வேண்டியது கப்ளிங், ஹோஸ் கிளிப், டிரெயின் வால்வு.

கேள்வி (குன்னூர் டீ ஃபேக்டரி): கீழ நல்லா ஓடின கம்ப்ரசர் இங்க டீயை நிறம் பாத்துப் பிரிக்கற கலர் சார்ட்டருக்குப் பத்தலைங்க.

குன்னூர் 1,850 மீட்டர் உயரம். காத்தே அஞ்சுல ஒரு பங்கு லேசு. கீழ 20 போதும்னா மேல 25 வேணும். அப்படியே காத்துல இருக்கற ஈரத்தை எடுக்கற டிரையரையும் பாருங்க. ஈரக் காத்து போனா சார்ட்டர்ல காத்தை ஊதித் தள்ளற எஜெக்டர் வால்வு ஒட்டிக்கும், அந்தப் பழியும் கம்ப்ரசர் மேலதான் விழும்.