மலைமேல் ரன்வே: கடிதங்களுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைப் பற்றி: உயரத்தில் இருக்கும் குட்டி விமான நிலையங்கள். ஒரே கேள்வியை நான்கு பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

நான் போகும் ரன்வே 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. என் விமானக் கையேட்டில் 8,000 அடி வரை அட்டவணை உண்டு. அப்புறம் என்ன?

அட்டவணையில் உயரம் மட்டுமா இருக்கிறது? மேலே வெப்பநிலை என்று ஒரு வரிசை இருக்குமே, அதைப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 7,000 அடியில் ஸ்டாண்டர்ட் வெப்பநிலை 1 டிகிரிதான். மதியம் 30 டிகிரி அடித்தால் 29 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி கூட்டிப் பாருங்கள், டென்சிட்டி ஆல்டிடியூட் (காற்றின் மெலிவை வைத்துப் பார்த்தால் விமானம் உணரும் உயரம்) 10,500 அடி. அதே இடத்தில் விடிகாலை 10 டிகிரி என்றால் 8,000 அடியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். காலையில் போங்கள். கையேட்டு எண்கள் புது விமானத்தை வைத்து, கைதேர்ந்தவர் ஓட்டி எடுத்தவை. அந்தத் தூரத்தின்மேல் பாதியாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

என் இஞ்சினில் டர்போ (மெலிந்த காற்றை அழுத்திக் கொடுக்கும் கருவி) இருக்கிறது. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

டர்போ இஞ்சினுக்குத்தான், இறக்கைக்கு இல்லை.

மேலே காற்று மெலிந்திருக்கும் என்பதால் அப்ரோச்சில் (இறங்க ரன்வேயை நெருங்கும்போது) 10 நாட் வேகம் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) கூட்டி வருகிறேன். பாதுகாப்புக்கு நல்லதுதானே?

இந்தக் கேள்வி எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். யார் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்பேன்.

காற்று மெலிந்திருப்பது உங்கள் வேகமானிக்கும் தெரியும். இறக்கையில் படும் அதே மெலிந்த காற்றுதான் வேகமானிக்குக் காற்றெடுக்கும் பிட்டோ குழாயிலும் நுழைகிறது. கடல் மட்டத்தில் முள் 48-இல் இருக்கும்போது ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்) விமானம், அதே எடையில் 9,000 அடியிலும் முள் 48-க்கு வரும்போதுதான் ஸ்டால் ஆகும். ஆகவே அப்ரோச்சுக்குக் கீழே 65 என்றால் மேலேயும் 65. முள்ளில் 65, வேறு எதிலும் இல்லை.

மாறுவது நிஜ வேகம். டென்சிட்டி ஆல்டிடியூட் 9,000 அடியில் முள் 65 காட்டும்போது விமானம் சுமார் 75 நாட்டில் போகிறது. தரை ஓடும் ஓட்டத்தைப் பார்த்துப் பயந்து மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைப்பவர்கள் ஒரு ரகம். அவர்கள் ஸ்டாலில் மாட்டுவார்கள். உங்களைப் போல முன்கூட்டியே பயந்து 10 நாட் ஏற்றிக்கொள்பவர்கள் இன்னொரு ரகம். நீங்கள் தொடும்போது நிஜ வேகம் 86. நிறுத்தும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கீழே 1,000 அடியில் நின்ற விமானம், முள்ளில் 65 வைத்து வந்தால் 1,300-க்கு மேல் ஓடும். உங்கள் 'பாதுகாப்பை'ச் சேர்த்தால் 1,750. தொடாமல் மிதந்துகொண்டே போகிற தூரம் தனிக் கணக்கு.

ஒருமுறை மலை ரன்வே ஒன்றின் முனையில், சரளையில் முன்சக்கரம் மடங்கி நின்ற விமானத்தைப் பார்த்தேன். யாருக்கும் காயமில்லை. பைலட் இறங்கி வந்து சொன்ன முதல் வார்த்தை, "பிரேக் பிடிக்கல." நான் குனிந்து பார்த்தேன். பிரேக் டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. பிடித்திருக்கிறது பாவம், உயிரைக் கொடுத்துப் பிடித்திருக்கிறது. எத்தனை நாட்டில் வந்தீர்கள் என்றேன். "கொஞ்சம் சேர்த்துத்தான்" என்றார்.

காற்று வீச்சு ஏறி இறங்கினால் மட்டும் அந்த ஏற்ற இறக்கத்தில் பாதியைக் கூட்டலாம். வேறு காரணம் எதுவும் சொல்லாதீர்கள்.

தரையிறங்கும் செக்லிஸ்டில் 'மிக்ஸ்சர் ஃபுல் ரிச்' (காற்றோடு கலக்கும் பெட்ரோலை முழுதாகத் திறப்பது) என்றுதானே இருக்கிறது?

டர்போ இல்லாத இஞ்சின் என்றால், 8,000 அடியில் அப்படித் தள்ளிவிட்டு கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது) போனால் இஞ்சின் பெட்ரோலில் முக்குளித்து இருமும். ஏற்கெனவே ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் வீதம் கால்வாசி சக்தி போய்விட்டது, மீதியையும் ஏன் கெடுக்கிறீர்கள்? அந்த உயரத்துக்கு எந்த இடத்தில் சக்தி அதிகமோ மிக்ஸ்சரை அங்கே வையுங்கள். கிளம்பும்போதும் அதே கதைதான்: ஃபுல் த்ராட்டில் கொடுத்து, லீன் செய்து (பெட்ரோலைக் குறைத்து), ஆர்பிஎம் உச்சத்துக்கு ஏறி விழத் தொடங்கும் இடத்தைப் பிடித்து, சற்று ரிச் பக்கம் தள்ளுங்கள்.

ரன்வே மேல்நோக்கிச் சரிந்து, முனையில் மலை. கோ-அரவுண்ட் முடிவை எப்போது எடுப்பது?

வீட்டில், முந்தைய நாள் இரவு. நேபாளத்தின் லுக்லாவை எடுத்துக்கொள்ளுங்கள்: 9,300 அடிக்கு மேல் உயரம், ரன்வே 527 மீட்டர், கிட்டத்தட்ட 12 சதவீதச் சரிவு. ஏறுமுகமாக இறங்குகிறார்கள், இறங்குமுகமாகக் கிளம்புகிறார்கள். எதிரே மலைச்சுவர். ஒரு புள்ளிக்குப் பிறகு கோ-அரவுண்ட் என்ற பேச்சே கிடையாது. இப்படிப்பட்ட ரன்வேயில் அந்தப் புள்ளியைப் படத்தில் குறித்துக்கொண்டு போகவேண்டும். இன்னொன்று, மேல்நோக்கிச் சரிந்த ரன்வே நீங்கள் உயரத்தில் இருப்பதாக ஏமாற்றும். நம்பி மூக்கை அழுத்தினால் ரன்வேக்கு முன்பே தரை வந்துவிடும். முதல் தடவை அந்த இடம் பழகிய பயிற்சியாளர் இல்லாமல் போகாதீர்கள்.

மலை முகட்டை நேராகக் கடப்பதா, சாய்வாகவா?

45 டிகிரி சாய்வாக. காற்று அமுக்கினால் பாதித் திருப்பத்திலேயே தப்பிக்கலாம். காற்று 20 நாட்டுக்கு மேல் என்றால் முகட்டுக்கு மேல் 2,000 அடியாவது வையுங்கள், அல்லது காலையில் போங்கள்.

10,500 அடியில் மூன்று மணி நேரம் பறக்கிறேன். அமெரிக்க விதிப்படி 12,500 வரை ஆக்ஸிஜன் வேண்டாம்தானே?

விதிப்படி வேண்டாம். ஆனால் மூன்று மணி நேரம் கழித்து, வாழ்க்கையிலேயே கடினமான இறக்கத்தைச் செய்யப்போவது உங்கள் மூளை, விதிப்புத்தகம் இல்லை. இரவுப் பார்வை 5,000 அடியிலேயே மங்கத் தொடங்கும். ஆக்ஸிஜன் பாட்டில் எடுத்துப் போங்கள்.

சார், கூட வருகிறவர்கள் மாலைக்குள் போய்ச் சேரவேண்டும் என்கிறார்கள். வானிலை சுமார்தான். முயற்சி செய்து பார்க்கலாமா?

தம்பி, 'முயற்சி செய்து பார்க்கலாமா' என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. 2001 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் ஆஸ்பெனில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் 3 ஜெட் விழுந்து 18 பேரும் இறந்தார்கள். இருட்டிவிட்டது, பனி பெய்தது, ரன்வே கண்ணில் படாமலே குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள். விமானத்தை அமர்த்தியவர் எப்படியும் அங்கேயே இறங்கவேண்டும் என்று நெருக்கியதும் விசாரணையில் வெளிவந்தது. 7,800 அடியில், சுற்றிலும் மலை. உங்கள் ஆட்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: தாழ்வான மாற்று விமான நிலையத்தில் இறங்கிக் காரில் போவதும் திட்டத்தில் உண்டு என்று. புறப்படும் முன் சொன்னால் முணுமுணுப்பார்கள். மேலே போய்ச் சொன்னால் சண்டை வரும்.

விண்ட்சாக் (காற்றின் திசை காட்டும் துணிக்குழாய்) இரண்டு முனையில் இரண்டு திசை காட்டுகிறது. எதை நம்புவது?

இரண்டையும். அதனால்தான் சொல்கிறேன், வெயில் ஏறுவதற்கு முன் போங்கள் என்று.

இறங்கும் தூரம் எனக்குச் சரியாக வருகிறது. கிளம்பும் தூரத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

பார்க்கலாம், விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு வரத் தயார் என்றால். பெரும்பாலான சின்ன விமானங்களுக்கு இறங்கப் போதுமான ரன்வே கிளம்பப் போதாது. இரண்டு கணக்கையும் இங்கேயே போடுங்கள். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, எடை குறைய டேங்கை நிரப்பாதீர்கள். ஆட்களை இரண்டு நடையாகக் கீழே கொண்டுபோங்கள். பாதி ரன்வே தாண்டும்போது கிளம்பும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லை என்றால் த்ராட்டிலை இழுத்துவிடுங்கள். அந்தப் பாதி எங்கே என்று முதல் நாளே நடந்துபோய் ஒரு விளக்கையோ கல்லையோ பார்த்து வையுங்கள்.