ஆவி வருமா?

கேள்வி: ஃபின்லாந்துக்காரர்களின் 'சானா' நீராவிக் குளியலை வீட்டு பாத்ரூமிலேயே முறைப்படி செய்து பார்க்க ஆசை. கெய்சரைத் திறந்துவிட்டுக் கதவை அடைத்தால் ஆவி வருமா? பிர்ச் இலைக்குப் பதில் வேப்பிலை போதுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: அது சானா இல்லை ஐயா, சௌனா. வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் சானா ஆனது. நமக்கு என்ன வந்தது? இந்த ஒலிக்கென்றே ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு, ஔவையாருக்கும் ஔடதத்துக்கும் போக மிச்ச நாளெல்லாம் சும்மா உட்கார வைத்திருக்கிறோம். ஔ எதற்கு, அவ் போதும் என்றார் பெரியார். 1978-இல் அரசு அவருடைய எழுத்துச் சீர்திருத்தத்தில் லை, னை போன்ற புதிய வடிவங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டு, ஐ, ஔ இரண்டையும் மட்டும் தொடாமல் விட்டுவிட்டது. பாட்டி மேல் கை வைக்கப் பயம்போலும். எங்கள் அலுவலகத்தில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நான் 'சௌனா' என்று எழுதிக் கொடுத்தால், பிழை திருத்துபவர் ஔகாரத்தின் வாலை ளகரமாகப் படித்து, "செளனா யாரு சார், நடிகையா?" என்கிறார்.

ஆவிக்கு வருவோம். சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றியதும் எழுகிற ஆவிக்கு அவர்கள் மொழியில் 'லொய்லு' என்று பெயர். அதன் பழைய பொருள் உயிர். உறவுமொழியான ஹங்கேரியனில் 'லேலெக்' என்றால் இன்றைக்கும் ஆன்மாதான். இட்லிப் பானையில் வருவதும் ஆவி, கடைசியில் பிரிவதும் ஆவி என்று வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அங்கே பிள்ளை பெற்றது சௌனாவில். இறந்தவரைக் குளிப்பாட்டியதும் சௌனாவில். (நம் ஊரில் ஆ.வி. வாராவாரம் கடைக்கே வரும். போட்டிப் பத்திரிகை, மேலே பேச மாட்டேன்.)

வேப்பிலைதான் சிக்கல். அவர்கள் பிர்ச் கொத்தால் உடம்பில் அடித்துக்கொள்வது ரத்தம் நன்றாக ஓட. அந்தக் கொத்துக்கு நாட்டின் மேற்கே 'விஹ்தா', கிழக்கே 'வஸ்தா'. அங்கேயும் ஒரு பிழை திருத்துபவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார். நம் ஊரிலோ வேப்பிலையால் அடிப்பது ஆவியை ஓட்ட! அரும்பாடுபட்டு வரவழைத்துவிட்டு, வந்ததும் கொத்தை எடுத்தால் அது என்ன நினைக்கும்?

கெய்சர்? சௌனாவில் 80 முதல் 100 டிகிரி சூடு. மரப்பலகை அறையில் காற்று காய்ந்து கிடப்பதால் வியர்வை உடனுக்குடன் உலர்ந்து உடம்பைக் காப்பாற்றுகிறது. கல்லில் ஓர் அகப்பை ஊற்றினால், ஆவி தோலில் பட்டு நீராகும்போது தன் சூட்டை அங்கே இறக்கிவிட்டுப் போகும். அந்தச் 'சுரீர்'தான் சுகம். டைல்ஸ் ஒட்டிய பாத்ரூமில் உங்களுக்குக் கிடைக்கப்போவது சென்னையின் மே மாத மதியம். அதற்கு ஒரு ரயில் டிக்கெட் போதும்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. உங்களுடையது கேஸ் கெய்சர் என்றால் அதை ஓடவிட்டுக் கதவை அடைக்கவே அடைக்காதீர்கள். கரி அடுப்பையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அப்புறம் பிரிவது வேறு ஆவி.

முறைப்படி என்கிறீர்கள். 55 லட்சம் பேருக்கு 30 லட்சம் சௌனா கட்டி, 2020-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்ட அந்த நாட்டில், சௌனாவுக்குள் தேவாலயத்தில் இருப்பதுபோல் இரு என்று ஒரு பழமொழி உண்டு. கத்தக் கூடாது, சண்டை கூடாது, அவசரம் கூடாது. உங்கள் வீட்டில் முக்கால் மணி நேரம் யாரும் பாத்ரூம் கதவைத் தட்டாமல் இருப்பார்களா? அதைக் கேட்டு எழுதுங்கள். வேப்பிலையைப் பிறகு பறிக்கலாம்.