பல நிற நூலில் இரு வண்ணச் சால்வை பின்னும்போது டிசைன் ஏன் தெரிவதில்லை?

பல நிறம் கலந்த நூலோடு ஒற்றை நிற நூலைச் சேர்த்துப் பின்னினால் டிசைன் கலங்கிப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: துணை நூலின் நிறம் கலப்பு நூலுக்குள்ளேயே இருக்கிறது. அந்த நிறம் வரும் இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். பொருத்தமான நிறம் என்று நாம் ஆசையாக எடுப்பதும் அதைத்தான்!

நிறத்தைவிட வெளிர்ப்பு, அடர்த்தி வித்தியாசம்தான் முக்கியம். இரண்டு நூலையும் சேர்த்து வைத்து போனில் கருப்பு வெள்ளைப் படம் எடுங்கள். ஒன்று வெளுப்பாகவும் மற்றது கருமையாகவும் தெரிந்தால் தைரியமாகத் தொடங்கலாம். கலப்பு நூலிலேயே மிக வெளிறிய நிறமும் மிக அடர்ந்த நிறமும் இருந்தால் எந்தத் துணையும் முழுதாக ஒத்துவராது. வேறு நூல் பாருங்கள்.

அப்புறம் பின்னல். துளை வைத்த லேஸ் வேலையை ஒற்றை நிறத்தில் போடுங்கள், கலப்பு நூலில் அது காணாமல் போகும். கலப்பு நூலுக்குச் சாதாரண நேர்ப் பின்னலே அழகு. இரண்டிரண்டு வரிசையாக நூலை மாற்றி, இடையிடையே சில கண்ணிகளைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு நகர்த்தினால் ஒரே நிறம் திட்டுத்திட்டாகத் தேங்குவது நன்றாகக் குறையும். மாற்றும்போது நூலை அறுக்க வேண்டாம், ஓரமாகவே மேலே கொண்டுபோகலாம். இழுத்துப் பிடித்தால் மட்டும் ஓரம் சுருங்கிவிடும்.